அறிவியலை வளர்ப்பது ஒத்துழைப்பா, போட்டியா? குளுவாங்கிலிருந்து ஒரு பதில்

குளுவாங்கில் படிவம் ஆறு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பள்ளிப் பட்டிமன்றத்தில் 'உலக அறிவியலை வளர்ப்பது ஒத்துழைப்பா, போட்டியா?' என்று தலைப்பாம். அவர் ஒத்துழைப்பு அணி. "அங்கிள், எல்லாரும் சொல்லும் உதாரணம் வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள். மலேசியா மாதிரி சின்ன நாட்டுக்கு எது நல்லது என்றும் சொல்லுங்கள்" என்கிறார்.

தம்பி, நடுவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் வேண்டும் என்பார், கைதட்டுவார்கள், தேநீர் குடிக்கப் போவார்கள். விண்வெளி நிலையம், ஐரோப்பாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடம் இதையெல்லாம் எதிரணியும் மனப்பாடம் செய்துகொண்டு வரும். நீங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள், போதும். தோட்டத்து ஆராய்ச்சிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். கண்டுபிடித்ததைச் சுற்றி வேலி போட முடிந்தால் அங்கே போட்டி. வேலி போட வழியில்லை என்றால், நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட ஒரே மேசையில் உட்காருவார்கள். நல்ல மனசு, கெட்ட மனசு என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஊரிலேயே நடந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்துக்குள் போய், பூத்திருக்கும் ஆண் பூங்கொத்து ஒன்றின் பக்கத்தில் நில்லுங்கள். சோம்பு வாசம் அடிக்கும். கொத்தின் மேல் நாலு மில்லிமீட்டர்கூட இல்லாத பழுப்பு நிற வண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். கையால் ஒரு தட்டு தட்டினால் மகரந்தத் தூளோடு உள்ளங்கையில் கொட்டும். எலைடோபியஸ் கமெருனிக்கஸ் என்ற இந்தக் கூன்வண்டு இந்த மண்ணுக்குச் சொந்தமானது இல்லை. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து வந்தது.

இது வருவதற்கு முன் இங்கே செம்பனை சரியாகக் காய்க்காது. இளமரங்களில் பெண் பூ நிறைய வரும், ஆண் பூ அரிதாகத்தான் வரும். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று புத்தகங்கள் எழுதிவைத்திருந்தன. அந்தக் காற்று போதவில்லை என்பதால், மகரந்தத்தைச் சேகரித்து முகப்பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதிவிட ஆள் வைத்தார்கள். நம் தோட்டத்துப் பெண்கள் பலர் பார்த்த வேலை அது. உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், முள் குத்திய கதை சொல்லுவார்.

யூனிலீவர் கம்பெனியின் தோட்டப் பிரிவில் இருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேமரூனிலும் வேலை பார்த்தவர். அங்கே பூக்களில் வண்டு மொய்ப்பதையும், ஆள் ஊதாமலே குலை நன்றாகக் கட்டுவதையும் பார்த்திருந்தார். காற்றுதான் காரணம் என்ற பாடம் அவர் மனசுக்கு ஒட்டவில்லை. காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் 1970களின் கடைசியில் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். வேலையைச் செய்வது வண்டுதான் என்று காட்டினார். அது செம்பனையின் வாடிய ஆண் பூவில் மட்டும்தான் குஞ்சு பொரிக்கும், வேறு பயிரைத் தொடாது என்பதையும் சோதித்து உறுதி செய்தார்கள். அப்புறம் நம் அரசாங்கத்தின் அனுமதி, தனிமைப்படுத்தல் எல்லாம் முடிந்து 1981 பிப்ரவரியில் வண்டு திறந்துவிடப்பட்டது. இடம் குளுவாங். அப்போது யூனிலீவருக்குச் சொந்தமாக இருந்த பாமோல் தோட்டம்.

இதில் உங்கள் அணிக்கு வேண்டிய புள்ளி எங்கே இருக்கிறது என்றால், வண்டுக்குத் தோட்ட எல்லை தெரியாது. பணம் போட்டது ஒரு கம்பெனி. அடுத்த ஆண்டுக்குள் தீபகற்பம் முழுவதும், போட்டிக் கம்பெனிகளின் தோட்டங்கள் உட்பட, வண்டு பரவிவிட்டது. பிறகு இந்தோனேசியா, பப்புவா நியூகினி, இந்தியாவுக்கும் கொண்டுபோனார்கள். ஊதும் வேலை ஏறக்குறைய மறைந்தே போனது. ஸ்காட்லாந்துக்காரரின் சந்தேகம், பாகிஸ்தானியரின் ஆராய்ச்சி, கேமரூனின் பூச்சி, மலேசியாவின் அனுமதி, இவ்வளவும் சேர்ந்து வந்தது. இதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது என்று ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் செய்தார்கள். ஊதுகிற கூலியை மிச்சம் பிடித்தாலே போட்ட பணம் திரும்பிவிடும், பக்கத்துத் தோட்டக்காரனும் சேர்ந்து பலன் அடைந்தால் அடையட்டும் என்ற கணக்கு. தியாகம் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள், எதிரணி பிடித்துக்கொள்ளும்.

இப்போது அதே மரத்தின் மறுபக்கம். செம்பனைக் காயில் ஓடு தடித்த ரகம் டூரா, ஓடே இல்லாத ரகம் பிசிஃபெரா. இரண்டையும் சேர்த்தால் ஓடு மெலிந்த, எண்ணெய் கூடின டெனெரா வரும். பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்நார்ட் என்பவரின் ஆராய்ச்சி இந்தக் கணக்கை 1941இல் தெளிவாக்கியது. இன்று நம் தோட்டங்களில் நிற்பதெல்லாம் பெரும்பாலும் டெனெராதான். அதன் காயைப் பொறுக்கி முளைக்கப் போட்டால் நாலில் இரண்டுதான் டெனெராவாக வரும். மீதி ஒன்று தடித்த ஓடு, இன்னொன்று பெரும்பாலும் காயே பிடிக்காத ஓடில்லா ரகம். அதனால் ஒவ்வொரு மறுநடவுக்கும் விதைக் கம்பெனியிடம்தான் போக வேண்டும். இயற்கையே வேலி போட்டுக் கொடுத்துவிட்டது. தாய்மரம் எது, தந்தைமரம் எது என்பதைக் கம்பெனிகள் நகைப்பெட்டி மாதிரி பாதுகாக்கின்றன. வண்டு விஷயத்தில் கைகுலுக்கிய அதே ஆட்கள்தான்.

வேலி ஓரளவுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் செம்பனையே சாட்சி. 1970களில் திசு வளர்ப்பு வந்தது. நல்ல மரம் ஒன்றிலிருந்து துணுக்கு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அச்சு அசலாக ஆயிரக்கணக்கான மரம் செய்யலாம் என்ற கனவு. இங்கிலாந்தில் யூனிலீவர் ஒரு பக்கம், பிரெஞ்சு ஆய்வுக்குழு இன்னொரு பக்கம். இங்கே இருந்த கூடங்களும் இறங்கின. எந்தச் சத்துக் கரைசலில் எவ்வளவு ஹார்மோன் என்பது ஒவ்வொரு கூடத்துக்கும் ரகசியம். கன்றுகள் வந்தன, நட்டார்கள், சில ஆண்டில் பூத்தன. சில மரங்களின் காயைச் சுற்றிக் கூடுதல் சதை மடல் மடலாக முளைத்துப் போர்வை போர்த்தியது போல் இருந்தது. மோசமான மரங்களில் காய் முற்றாமலே கருகிவிடும், எண்ணெய் கிடையாது. 1980களின் நடுவில் இது வெளியே தெரிந்தபோது மறுநடவுத் திட்டங்கள் பல நின்றுபோயின.

அதே மரம், அதே மரபணு, அப்படியிருக்க ஏன் இந்தக் கோளாறு? இருபது ஆண்டுக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை. ஒவ்வொருவரும் தன் கன்றுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒரு கூடத்தின் கோளாறு அந்தக் கூடத்துக் கரைசலின் தப்பா, பொதுவான தப்பா என்று ஒப்பிட்டால்தானே தெரியும்? 2015இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் விடை வந்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம், அமெரிக்காவின் ஓரியன் ஜீனோமிக்ஸ், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம் எல்லாம் சேர்ந்த வேலை. பல தோட்டக் கம்பெனிகளின் குளோன் மரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூவின் வடிவத்தை முடிவு செய்யும் ஒரு மரபணுவுக்குள் 'கர்மா' என்று பெயர் வைத்த ஒரு துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டிய வேதிக் குறி திசு வளர்ப்பின்போது உதிர்ந்துவிட்டால் காய் கெடும். எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேல் வைத்த புள்ளி அழிந்தது, அவ்வளவுதான். இப்போது கன்றாக இருக்கும்போதே இலையை எடுத்து, எது கெடும் என்று கண்டறிய வழி கிடைத்திருக்கிறது. எல்லாரையும் ஒரே மாதிரி அடித்த நஷ்டம்தான் வேலிக்கதவைத் திறந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2013இல், இதே கூட்டணி செம்பனையின் முழு மரபணு வரிசையையும், காய் ஓட்டின் தடிமனை முடிவு செய்யும் மரபணுவையும் நேச்சரில் வெளியிட்டது. வாரியத்தில் அந்த வேலைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. நம் பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வரிசையை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். ஆனால் அதை வைத்து நாற்றங்காலில் டூராவா டெனெராவா என்று சொல்லும் சோதனைமுறை விற்பனைக்கு. ஒரே ஆராய்ச்சியில் பாதி பொதுச்சொத்து, பாதி வியாபாரம். பட்டிமன்றத்தில் இதை யார் முதலில் எடுத்தாலும் அவர்கள் அணிக்குச் சாதகம், முந்திக்கொள்ளுங்கள்.

எதிரணி கட்டாயம் ரப்பரை எடுக்கும். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. மீதி உங்களுக்குத் தெரியும். நம் முப்பாட்டன்மார் கப்பலேறி வந்து பால் வெட்டிய வரலாறு அதன் மேல்தான் நிற்கிறது. விதைத் திருட்டு என்பார்கள். அப்போது தடைச் சட்டம் இருக்கவில்லை என்று பதில் சொல்பவர்களும் உண்டு. சட்டம் எப்படியோ, பிரேசிலுக்கு ஒரு காசு போகவில்லை.

நீங்கள் 1981ஐ எடுங்கள். ஆமாம், வண்டு வந்த அதே ஆண்டு. அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி மேம்பாட்டு வாரியத்தின் பெயரில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பிரேசில்காரர்களோடு சேர்ந்து அமேசானுக்குள் போனார்கள். அக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ மாநிலங்களில் 60,000க்கு மேல் விதை பொறுக்கினார்கள். பாதி பிரேசிலிலேயே தங்கியது. மீதி மலேசியாவுக்கும் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்கும் போனது. ஏன் போனார்கள்? ஆசியாவின் ரப்பர் மரங்கள் ஏறக்குறைய எல்லாம் விக்ஹாமின் அந்த ஒரு மூட்டையின் வாரிசுகள். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் ஒரு நாள் இங்கே இறங்கினால் தாங்கும் ரகம் கையில் இல்லை. 1928இல் அமேசானில் பெரிய ரப்பர் தோட்டம் போட்ட ஹென்றி ஃபோர்டையே அந்தப் பூஞ்சை துரத்தியடித்தது. நோய்க்கு எல்லை கிடையாது. அந்தப் பயம்தான் தாய்லாந்தையும் இந்தோனேசியாவையும் நம்மையும் ஒரே வாரியத்தில் வைத்திருக்கிறது. சந்தையில் மூவரும் ஒருவர் காலை ஒருவர் வாருவது தனிக் கதை.

பணம் இல்லாத இடத்தில் போட்டி இருக்காது என்று நினைக்காதீர்கள். பெயர் என்று ஒன்று இருக்கிறதே. யார் முதலில் என்ற சண்டை பணச் சண்டையைவிட மோசம். பெரிபெரி என்ற நோயின் கதையைப் பாருங்கள், அதில் நம் சோற்றுப் பானையும் வருகிறது.

நூறு ஆண்டுக்கு முன் மலாயாவில் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பெரும்பாலும் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை செய்த சீனத் தொழிலாளிகள். பக்கத்து லயத்தில் இருந்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிது. ஏன்? நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் புத்தகமாக எழுதினார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். 1905இல் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் இறந்தார்கள், புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும், தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்களுக்குக் காரணம் தெரியாது, செய்முறை தெரியும்.

இதே காலத்தில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சுக்காரர் ஐக்மன் கோழிகளை வைத்து 1890களிலேயே தவிட்டைத் தொட்டிருந்தார். ஆனால் அரிசியில் ஏதோ நஞ்சு, தவிடு அதை முறிக்கிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ்தான் 1901இல், நஞ்சு ஒன்றுமில்லை, ஏதோ ஒரு சத்துக் குறைகிறது என்று சரியாகச் சொன்னார். தோக்கியோவில் சுசுகி உமெதாரோ 1910இல் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து ஜப்பானிய மொழியில் எழுதினார், ஐரோப்பா பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1912இல் லண்டனில் இருந்த போலந்துக்காரர் காசிமிர் ஃபங்க் இந்த வகைச் சத்துகளுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது. 1926இல் மறுபடியும் பத்தாவியாவில் யான்சனும் டொனாத்தும் அதைத் தூய படிகமாக எடுத்தார்கள். 1929இல் நோபல் பரிசு ஐக்மனுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்சுக்கும். கிரைன்ஸ் இல்லை, சுசுகி இல்லை, ஃபங்க் இல்லை, கோலாலம்பூர் இல்லவே இல்லை. இவர்களில் பலர் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துத்தான் முன்னேறினார்கள். அப்படியும் மேடையில் இரண்டு நாற்காலிதான் போட்டார்கள். இதை எதிரணி தெரிந்துவைத்திருந்தால் உங்களுக்குக் கஷ்டம்தான்.

சின்ன நாட்டுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு வருகிறேன். சின்ன நாட்டின் கையில் பெரிய ஆய்வுக்கூடம் இருக்காது, மாதிரி இருக்கும். விதை, பூச்சி, கிருமி, நோயாளியின் இரத்தம். அதைக் கொடுத்துவிட்டு என்ன வாங்குகிறோம் என்பதுதான் விஷயம். 1998, 99இல் நெகிரி செம்பிலானின் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். மலாயா பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங் ஒரு நோயாளியிடமிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்து, மாதிரியை அமெரிக்காவுக்குத் தானே கொண்டுபோய் அங்குள்ள கருவிகளில் பார்த்தார். நிப்பா வைரஸ் என்று உறுதியானது. மாதிரி போனது, கூடவே நம் ஆளும் போனார், கண்டுபிடிப்பில் அவர் பெயர் நின்றது. மலேசியாவில் மட்டும் 105 உயிர் போன சமயத்தில் அந்த வேகம் இல்லாமல் இருந்தால் இன்னும் எத்தனையோ.

மாறாக, 2007இல் இந்தோனேசியா தன் பறவைக்காய்ச்சல் கிருமி மாதிரிகளை உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று நின்றது. நாங்கள் கொடுக்கும் கிருமியில் தடுப்பூசி செய்து எங்களுக்கே எட்டாத விலையில் விற்பீர்களா என்று கேட்டது. பெரிய நாடுகள் திட்டின. நோய் பரவும் நேரத்தில் மாதிரியை மறைப்பது ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தப் பிடிவாதத்தால்தான் 2011இல் மாதிரி கொடுப்பவருக்கும் பங்கு உண்டு என்ற உலக ஏற்பாடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானின் நகோயாவில் விதைக்கும் செடிக்கும் அதே போன்ற ஒப்பந்தம். மலேசியா 2017இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. விக்ஹாம் இன்று வந்தால் விமான நிலையத்திலேயே மூட்டையைப் பிரித்துவிடுவார்கள்.

ஆகவே கூட்டு ஆராய்ச்சி என்று எந்த வெளிநாட்டு அறிவிப்பைப் பார்த்தாலும், மாதிரி எந்த நாட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது, நம் பிள்ளைகள் அங்கே போய்க் கருவியைத் தொட்டார்களா, கட்டுரையின் முதல் பெயரும் கடைசிப் பெயரும் யாருடையவை என்று பாருங்கள். உயிரியலில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் குழுவை நடத்தியவர். நம்மவர் பெயர் நடுவில் மட்டும் இருந்தால் நாம் மாதிரி மட்டும்தான் கொடுத்தோம் என்று சந்தேகப்படலாம்.

2013 செம்பனைக் கட்டுரைகள் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆரம்பத்துச் சுருக்கத்தை அப்புறம் படிக்கலாம். முதலில் பெயர்ப்பட்டியலையும், யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள் என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பத்தியையும் படியுங்கள். செய்முறைப் பகுதியில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பக்க எண்ணோடு எழுதுங்கள், விளக்குகிறேன். பட்டிமன்றம் எந்தத் தேதி என்று சொல்லவில்லையே?